சம்பளமில்லாத நான்காவது ஆள்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் ஆட்டத்தை முதன்முறையாகப் பார்க்கும் கிரிக்கெட் ரசிகரின் கண்ணை முதலில் உறுத்துபவர்கள் பயிற்சியாளர்கள்தான். அறுபதைத் தாண்டிய, தொப்பை சரிந்த ஒருவர், இருபது வயதுப் பையன்கள் போட்டிருக்கும் அதே சீருடையில், முதுகில் எண்ணோடும் இடுப்பில் பெல்ட்டோடும் மைதானத்துக்குள் நடந்து வருவார். நம் கிரிக்கெட் பயிற்சியாளர் கறுப்புக் கண்ணாடி அணிந்து பால்கனியில் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கிவிட்டால் அவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. பேஸ்பாலில் அப்படியில்லை. தன் அணி பேட் செய்யும்போது, ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட்டுச் செல்லும் 'பேஸ்'களில் முதல் பேஸுக்கு அருகே ஒருவர், மூன்றாம் பேஸுக்கு அருகே ஒருவர் எனப் பயிற்சியாளர்கள் மைதானத்துக்குள்ளேயே நிற்பார்கள். பந்தை எறியும் பிட்சர் தடுமாறினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, அவர் நிற்கும் மண்மேடு வரை நடந்துபோய்ப் பேசிவிட்டு வருவார்கள். சீருடை வெறும் சடங்கு அன்று. ஆட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் ஓர் அணிக்கு எத்தனை பயிற்சியாளர்கள் தேவை? பிட்சர்களைக் கவனிக்க ஒருவர், பேட்டிங்குக்கு ஒருவர், ஃபீல்டிங்குக்கும் பேஸ் ஓட்டத்துக்கும் ஒருவர், இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு தலைவர். இது யாருக்கும் தோன்றக்கூடிய கணக்கு. ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்சிஏஏ அமைப்பு, முதல் டிவிஷன் பேஸ்பால் அணி ஒரு தலைமைப் பயிற்சியாளருக்கும் இரண்டு உதவிப் பயிற்சியாளர்களுக்கும் மட்டுமே சம்பளம் கொடுக்கலாம் என்று நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. நான்காவதாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பல்கலைக்கழகம் அவருக்கு ஊதியம் தரக்கூடாது. அவருக்கு இட்ட பெயர் 'தன்னார்வப் பயிற்சியாளர்'.

பெயரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓய்வு நேரத்தில் வந்து உதவிவிட்டுப் போகும் ஊர்க்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பிப்ரவரி நடுவில் தொடங்கும் பருவத்தில் 56 ஆட்டங்கள் உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரே எதிரணியோடு தொடர், நடுவில் செவ்வாய்க்கிழமை இன்னோர் ஆட்டம், இடையே பஸ் பயணம். இலையுதிர் காலத்தில் தனியாகப் பயிற்சிக் காலம். இவை எல்லாவற்றுக்கும் அந்தத் 'தன்னார்வலர்' மற்ற மூவரைப் போலவே வந்தாக வேண்டும். பல அணிகளில், பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களைப் பழக்குவதும் முதல் பேஸ் அருகே நிற்பதும் அவர் பொறுப்புதான். வயிற்றுப்பாட்டுக்கு? பல்கலைக்கழக மைதானத்தில் நடக்கும் பள்ளிச் சிறுவர்களுக்கான கோடை முகாம்களில் கிடைக்கும் பங்கு, மாலையில் தனியாகச் சொல்லிக்கொடுத்து வாங்கும் கட்டணம். முகாம் கூட்டம் நிறையும் பெரிய பல்கலைக்கழகத்தில் ஓரளவு பிழைத்துக்கொள்ளலாம். சிறிய ஊரில் மனைவியின் சம்பளமோ பெற்றோரின் கையிருப்போதான் அந்தப் 'தன்னார்வ'த்துக்கு முதலீடு.

இன்னொரு தடையும் இருந்தது. என் கணிப்பில் சம்பளத்தைவிடப் பெரிய இழப்பு அதுதான். தன்னார்வப் பயிற்சியாளர் வளாகத்துக்கு வெளியே போய்ப் பள்ளி ஆட்டக்காரர்களைப் பார்த்து அணிக்குச் சேர்க்கும் வேலையைச் செய்யக்கூடாது. கல்லூரி விளையாட்டில் ஒருவர் மேலே ஏறுவது எதை வைத்து? 'இவரால் நல்ல பையன்களைக் கொண்டுவர முடியும்' என்ற பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரை ஈட்டும் வாய்ப்பே இல்லாத படியில் ஒருவரை நிறுத்திவிட்டு, 'அனுபவம் கிடைக்கிறதே' என்று ஆறுதல் சொன்னார்கள்.

விளையாட்டுக்காகச் சம்பளமில்லாமல் உழைப்பதில் ஒரு பெருமை இந்தத் துறையில் பழங்காலந்தொட்டே இருக்கிறது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1986 வரை பயிற்சியாளராக இருந்த ராட் டெடோ 11 தேசியப் பட்டங்களைக் கொண்டுவந்தவர். 1970 முதல் 1974 வரை ஐந்தாண்டு தொடர்ச்சியாக வென்றவர். அவர் வாங்கிய பெயரளவுச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு டாலர். இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் நெகிழ்ந்துபோவார்கள். டெடோ செழிப்பான லாரிப் போக்குவரத்து நிறுவனத்தின் முதலாளி என்ற அடுத்த வரியையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும். ஒரு டாலர் சம்பளம் அவருக்குக் கௌரவம். 28 வயதில் கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அது வேறு.

இந்த வரம்புகளுக்குப் பின்னால் ஒரு வழக்கு வரலாறும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்கிறோம் என்று என்சிஏஏ 'வரையறுக்கப்பட்ட வருவாய்ப் பயிற்சியாளர்' என்றொரு பதவியை உருவாக்கியது. அவருக்கு ஆண்டு முழுவதற்கும் 16,000 டாலருக்கு மேல் தரக்கூடாது. போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி ஊழியரின் கூலியை ஒரே அளவில் கட்டிவைப்பது அமெரிக்கச் சட்டத்தில் குற்றம். பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் அது பொருந்தாதா என்று கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. 16,000 டாலர் என்று கூலியைக் கட்டுவது தவறு என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், பூஜ்யம் என்று கட்டிவைத்த தன்னார்வப் பதவி கால் நூற்றாண்டு ஓடியது! சட்டம் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருக்கும் அமைப்பில் இது யாருக்கும் தோன்றாமல் போயிருக்கும் என்று நம்ப முடியவில்லை.

2019 ஏப்ரலில் நான்காவது ஆளுக்கும் சம்பளம் தரலாம் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. எதிர்த்தவர்களில் பேஸ்பாலில் பணம் கொழிக்கும் தென்கிழக்குக் கூட்டமைப்பும் ஒன்று. அதன் உறுப்பினரான லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அன்றைய பயிற்சியாளர் பால் மெய்னியரி தன் கூட்டமைப்பின் முடிவையே வெளிப்படையாகச் சாடினார். ஒரு விளையாட்டுக்குக் கொடுத்தால் மற்ற விளையாட்டுகளும் கேட்கும் என்ற அச்சம் நிர்வாகிகளுக்கு. பிறகு 2022 நவம்பரில் முன்னாள் தன்னார்வப் பயிற்சியாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஓரிரு மாதங்களிலேயே, 2023 ஜனவரியில், என்சிஏஏ அந்தப் பதவியை ஒழித்தது. அந்த ஆண்டு ஜூலை 1 முதல் பேஸ்பாலில் தலைமைப் பயிற்சியாளரோடு மூன்று உதவியாளர்களும் சம்பளம் வாங்கலாம் என்றாயிற்று. வழக்கு சுமார் 4.9 கோடி டாலர் இழப்பீட்டுச் சமரசத்தில் வந்து நின்றது. நல்லெண்ணம் அசைக்காத கல்லை வழக்கு அசைத்தது.

சரி, இந்த நால்வரும் உள்ளே செய்வது என்ன? மூன்றாம் பேஸ் அருகே நிற்பவர் வேலை வெளியே தெரியும். பந்து ஓட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் எங்கோ உருண்டுகொண்டிருக்கும். அவர் திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். எனவே அவர் பந்தைப் பார்க்காமல் பயிற்சியாளரின் கையைப் பார்த்து ஓடுகிறார். கை காற்றாடி போலச் சுழன்றால், தொட்டால் ரன் கிடைக்கும் ஹோம் பிளேட்டுக்கு ஓடவேண்டும். இரு கைகளும் உயர்ந்தால் நின்றுவிட வேண்டும். அரை நொடி முடிவு. தப்பினால் யாரும் அவரைப் பாராட்டுவதில்லை. ஓட்டக்காரர் அவுட்டானால் அரங்கமே அவரைத்தான் திட்டும். 2007-இல் உச்சத் தொழில்முறை லீக்குக்குக் கீழ்ப்படியான 'சிறு லீக்'கின் பயிற்சியாளர் மைக் கூல்பா முதல் பேஸ் அருகே நின்றிருந்தபோது அடித்த பந்து தாக்கி இறந்துபோன பிறகு, அங்கே நிற்பவர்கள் தலைக்கவசம் அணிகிறார்கள்.

இவர்களில் ஆட்டத்தை மிக நெருக்கமாகக் கையில் வைத்திருப்பவர் பிட்சிங் பயிற்சியாளர்தான். தொழில்முறை ஆட்டத்தில் எந்தப் பந்தை எங்கே எறிவது என்பதைப் பெரும்பாலும் கேட்சரும் பிட்சரும் தங்களுக்குள் முடிவு செய்கிறார்கள். கல்லூரியில் அந்த முடிவு பெரும்பாலும் மைதானத்தோரம் அணி உட்காரும் டக்அவுட்டிலிருந்து வருகிறது. படியோரம் ஒரு வாளியின்மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பந்துகளைப் போட்டுவைக்கும் அதே வாளி, மேலே ஒரு மெத்தை மூடி. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கேட்சர் தலையைத் திருப்பி அவரைப் பார்ப்பார். வாளிக்காரர் மூன்று எண்களைச் சொல்வார்: இரண்டு, நான்கு, ஒன்று. கேட்சர் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையைக் குனிந்து பார்ப்பார். வாய்ப்பாடு போலக் கட்டம் கட்டமாக எண்கள் அச்சிட்ட அட்டை. 241-க்கு நேரே 'ஸ்லைடர், தாழ்வாக, வெளிப்பக்கம்' என்றிருக்கும். ஸ்லைடர் என்பது வளைந்து விலகும் ஒரு வகைப் பந்து. அடுத்த முறை அதே ஸ்லைடருக்கு 315 என்பார். ஒரே பந்துக்குப் பல எண்கள்; எதிரணி காதில் விழுந்தாலும் உடைக்க முடியாது. ஓர் ஆட்டத்துக்கு நூற்றைம்பது முறை இந்தக் குனிதலும் நிமிர்தலும் நடக்கும்.

2022 பருவம் முதல் இதற்கு மின்கருவி அனுமதிக்கப்பட்டது. பயிற்சியாளர் கையில் சிறிய விசைப்பலகை, கேட்சர் காதில் குரல். சில அணிகளில் பிட்சரின் மணிக்கட்டில் கடிகாரம் போன்ற ஒரு திரை. கருவி ஒருவழிப் பாதை. பயிற்சியாளர் சொல்லலாம், பையன் பதில் சொல்ல முடியாது. பயிற்சியாளருக்கும் மாணவனுக்கும் இடையிலான உறவை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிவிட முடியாது என்று எனக்குத் தோன்றும். இருபது வயது கேட்சர் எப்போதுதான் சொந்தமாக யோசிக்கக் கற்பான் என்ற குறை அமெரிக்காவிலேயே உண்டு, நியாயமான குறைதான். ஆனால் வாளியில் உட்கார்ந்திருப்பவரின் வேலை அந்த ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தது; பையன் யோசிக்கக் கற்பதைப் பொறுத்ததன்று.

எண்ணிக்கை வரம்பால் இன்னொருவரின் வேலை விசித்திரமாகிப் போனது. ஆள் சேர்க்கும் பொறுப்பு ஏற்கும் உதவிப் பயிற்சியாளரைச் சொல்கிறேன். ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகை என்பது நெடுநாள் விதி. அதென்ன பத்தில் ஏழு பங்கு மாணவன்? அந்த 11.7-ஐ 27 பேர் வரை பங்கிட்டுத் தரலாம், யாருக்கும் கால் பங்குக்குக் குறையக்கூடாது, மொத்தப் பட்டியல் 35 பேர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 43 சதவீதம். எட்டுப் பேருக்கு ஒன்றுமில்லை. ஆகவே இந்தப் பதவியில் இருப்பவர் பாதி நேரம் கண்காணிப்பாளர், பாதி நேரம் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை. ஜூலை வெயிலில் ஜார்ஜியா மாநிலத்தின் போட்டி மைதானங்களில் வலைக்குப் பின்னால் வேகமானியோடு உட்கார்ந்து பதினேழு வயதுப் பையன்களைப் பார்ப்பார். மாலையில் பெற்றோரிடம் '40 சதவீதம் தருகிறோம், படிப்பில் மதிப்பெண் இருந்தால் கல்வி உதவியும் சேரும்' என்று பேசுவார். அப்படிப் பேசி முடித்த பையனை மறு ஜூலையில் தொழில்முறை அணி தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்துக் கூட்டிப்போய்விட்டால், இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே மாலையில் போயிற்று.

கடந்த சில ஆண்டுகளில் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிட்டது. தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகச் சுருங்கியது. சிறு லீக் அணிகள் பல மூடப்பட்டன. முன்பு நேரே தொழிலுக்குப் போயிருக்கக்கூடியவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். 2021 முதல் ஒரு மாணவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, அதில் சேரும் பல்கலைக்கழகங்களுக்கு 11.7 வரம்பே போய்விட்டது. அதற்குப் பதில் பட்டியலில் 34 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. பணமிருக்கும் இடத்தில் 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். பணமில்லாத இடம் பழைய இடத்திலேயே நிற்கிறது.

பயிற்சியாளர்களின் சந்தையும் இதே வேகத்தில் சூடானது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜே ஜான்சன் 2021-இல் அரிசோனாவிலிருந்து வந்தார். அவருடைய முதல் பிட்சிங் பயிற்சியாளர் ஜேசன் கெல்லி ஒரே பருவம் இருந்துவிட்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவிக்குப் போனார். காலியான இடத்துக்கு ஜான்சன் பிடித்த ஆள், மினசோட்டா ட்வின்ஸ் என்ற மேஜர் லீக் (உச்சத் தொழில்முறை லீக்) அணியின் பிட்சிங் பயிற்சியாளர் வெஸ் ஜான்சன். பருவத்தின் நடுவே, 2022 ஜூனில், மேஜர் லீக் வேலையை விட்டுவிட்டு ஒருவர் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு வருகிறார்! பேஸ்பால் உலகம் வாய் பிளந்தது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் தொடரின் நடுவே விடைபெற்றுப் பல்கலைக்கழக அணிக்குப் போன மாதிரி. சம்பளம் அங்கேதான் அதிகம்.

அதே கோடையில் விமானப்படை அகாடமியிலிருந்து பால் ஸ்கீன்ஸ் என்ற மாணவர் லூசியானாவுக்கு மாறி வந்தார். அங்கே அவர் கேட்சராகவும் பிட்சராகவும் இரட்டை வேலை பார்த்தவர். இங்கே பிட்சிங் மட்டும். வெஸ் ஜான்சன் கையில் அந்த ஒரே பருவத்தில் 209 பேட்டர்களைப் பந்தை அடிக்கவிடாமலே ஸ்டிரைக்அவுட் செய்து கூட்டமைப்பின் சாதனையை முறியடித்தார். அடுத்த ஜூலையில் தொழில்முறைத் தேர்வில் தேசத்தின் முதல் தேர்வு அவர். இரண்டாம் தேர்வு அதே அணியின் டிலன் க்ரூஸ். ஒரே கல்லூரியின் இருவர் முதலிரண்டு இடங்களைப் பிடித்தது அதுவரை நடந்ததில்லை. வெஸ் ஜான்சனும் ஒரே பருவம்தான் இருந்தார்; அந்த 2023 பருவத்தில் அணி தேசியப் பட்டம் வென்றது. அவருக்குப் பின் வந்த நேட் யெஸ்கியோடு அணி 2025-இல் மறுபடியும் பட்டம் வென்றது. நான்கு பருவத்தில் மூன்று பிட்சிங் பயிற்சியாளர்கள், இரண்டு பட்டங்கள்.

தலைமைப் பயிற்சியாளர்கள் மட்டும் ஓரிடத்தில் நின்றார்களா? 2024-இல் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அணி இறுதித் தொடரில் டென்னசியிடம் தோற்ற மறுநாளே அதன் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல் பரம எதிரியான டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரோடு போக இருந்த பேட்டிங் பயிற்சியாளர் மைக்கேல் எர்லியை ஏ அண்ட் எம் திரும்ப அழைத்துத் தலைமைப் பதவியைக் கொடுத்தது. அந்த ஆண்டு பட்டம் வென்ற டென்னசியின் டோனி விட்டெல்லோ, 2025 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் மேலாளரானார். தொழில்முறை அணி எதிலும் ஆடியோ பயிற்சியளித்தோ அனுபவமில்லாமல் கல்லூரியிலிருந்து நேரே அந்த நாற்காலிக்குப் போன முதல் ஆள் அவர். அவர் இடத்தில் டென்னசி அமர்த்தியது உதவியாளர் ஜாஷ் எலாண்டரை. இரு இடத்திலும் காலி நாற்காலியை நிரப்பியவர் அதே அறையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த உதவிப் பயிற்சியாளர்தான். வீரர்கள் வேறு கல்லூரிக்குக் கலைந்துபோகாமல் நிறுத்த அவரால்தான் முடியும் என்பதால்.

இந்த மாற்றமெல்லாம் ஓர் இரவில் ஒரே மைதானத்தில் கூடி நின்றதைப் பார்த்திருக்கிறோம். 2023 ஜூன் 22, நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரம். 1950 முதல் கல்லூரி உலகத் தொடர் நடக்கும் ஊர். லூசியானாவும் வேக் ஃபாரஸ்டும் மோதின. வென்றவர் இறுதிக்குப் போகலாம். லூசியானா பக்கம் ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன்னும் விடவில்லை. எதிரே வேக் ஃபாரஸ்டின் ரெட் லோடர் ஏழு இன்னிங்ஸ் எறிந்து அவரும் ஒரு ரன்னும் விடவில்லை. லூசியானா டக்அவுட்டில் இருந்த வெஸ் ஜான்சனை அந்த மாதத் தொடக்கத்திலேயே ஜார்ஜியா பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்துவிட்டது. ஜார்ஜியாவும் அதே கூட்டமைப்பு. சில மாதங்களில் இதே லூசியானாவை வீழ்த்தத் திட்டம் போடவேண்டியவர், அன்றிரவு லூசியானாவின் பிட்சர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர் டக்அவுட்டில் இருந்தவர் டாம் வால்டர். வேக் ஃபாரஸ்டுக்கு 2009-இல் வந்தவர். 2011 பிப்ரவரியில், தன் அணியின் முதலாண்டு மாணவர் கெவின் ஜோர்டானின் சிறுநீரகங்கள் செயலிழந்தபோது, பொருத்தம் பார்த்துத் தன் சிறுநீரகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தவர். அப்போது அந்தப் பையன் அவருக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை.

பதினொன்றாம் இன்னிங்ஸில் டாமி வைட் அடித்த ஹோம் ரன்னில் லூசியானா 2-0 என்று வென்றது. வைட்டும் முந்தைய ஆண்டு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர்தான். நான்கு நாள் கழித்து இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 18-4 என்று வீழ்த்திப் பட்டம் வாங்கிய பிறகு, வெஸ் ஜான்சன் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஐந்தாவது நாள் ஜூலை 1. நாடு முழுவதும் நான்காவது பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.